பெங்களூர் மருத்துவமனைகளில் உழைச்செல்வோர்

மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்பது திருக்குறளின் 95ஆம் அதிகாரம் நமக்கு அறிவிக்கும் செய்தி. நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்தாமல், உழைச்செல்வான் என்னும் நான்காம் உறுப்பையும் வள்ளுவப் பெருந்தகை அங்குச் சேர்த்து எண்ணியிருக்கிறார். ‘உழை’ என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தே நின்று, வகுத்த முறை பிழையாமல் ஆவன செய்பவனே உழைச்செல்வான். வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையும் பணிவிடை செய்வோனை மருத்துவத்தின் நான்கு பாதங்களுள் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறது.

பழையோர் இவ்வாறு சமமாக வைத்து எண்ணிய நால்வரில் மூவரின் வரலாறு நன்கு எழுதப்பட்டுள்ளது. நான்காமவர் வரலாறு எழுதப்படவில்லை. நம் பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். பவுரிங், லேடி கர்சன், விக்டோரியா, மின்டோ, வாணி விலாஸ் என்று பெயர் தாங்கி நிற்கும் மருத்துவமனைகளில் ஆண்டவர்களின் பெயரும் அவர்தம் தேவியரின் பெயரும் நிலைத்துவிட்டன. மருத்துவர் சிலரின் பெயர் கல்வெட்டிலும் படத்தின் கீழும் காணப்படுகிறது. இரவெல்லாம் கண்விழித்து நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, அவன் கழித்ததை அகற்றி, வாய் நனைத்து, விடியலில் முகம் துடைத்துவிட்ட கைகள் யாருடையவை? அவற்றுள் பல தமிழ்க் கைகள் என்பது இந்நகரில் வாழும் நமக்குத் தெரியும். ஆண்டுவிழா மலர் ஒன்றில் சில பக்கங்களையேனும் அவர்களுக்கு ஒதுக்குவது தகும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரை எழுந்தது.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இன்று அரசினரும் செய்தித்தாள்களும் நர்சு என்பதற்குச் செவிலியர் என்னும் சொல்லை வழங்குகின்றனர். இஃது அழகான தேர்வு. அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். உடன்போக்கில் மகள் சென்றபின் பாலை வழியில் அவளைத் தேடிச் செல்பவளும் இந்தச் செவிலியே. பெறாத பிள்ளைக்காக நடந்து தேயும் கால்கள் அவளுடையவை. ஆங்கிலத்தில் ‘நர்ஸ்’ என்பதும் முதலில் பிறர் குழந்தைக்குப் பாலூட்டுபவளையே குறித்தது. நோயாளியைப் பேணுபவள் என்னும் பொருள் பின்னர் வந்தது. இரு மொழிகளும் ஒரே எண்ணத்தைத் தொட்டிருப்பது வியப்புக்குரியது. ஆனால் பயிற்சியும் பட்டமும் பெற்றவருக்கு மட்டுமே இவ்வழகிய பெயர் கிடைத்தது. அவருக்குக் கீழே நின்று உடலைத் தொட்டு வேலை செய்தவரை ஆயா என்றும், வார்டுபாய் என்றும், தோட்டி என்றும், பின்னாளில் அட்டெண்டர் என்றும் அழைத்தனர். ஆயா போர்த்துக்கீசியச் சொல், வார்டுபாய் ஆங்கிலம், தோட்டியோ நம் சொல்லாயினும் சாதியின் சுமையை ஏற்றிக்கொண்ட சொல். ஒரே தொழிலுக்கு இத்தனை பெயர் மாறியும் மதிப்புள்ள பெயர் ஒன்று வாய்க்கவில்லை.

பெங்களூரில் இவர்கள் வரலாறு தண்டுப் பகுதியில் தொடங்குகிறது. 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் ஆங்கிலப் படை அங்கேயே தங்கியிருந்தது. காய்ச்சலால் வீரர் நலிந்தனர். ஆதலின் 1809இல் படைவீடு அல்சூர்ப் பக்கமாகப் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. சென்னைப் படையோடு வந்தவர் சிப்பாய்கள் மட்டும் அல்லர். கொத்தர், தச்சர், வண்டிக்காரர், சமையற்காரர், வண்ணார், கடைக்காரர், வீட்டுவேலை செய்வோர் எனத் தமிழ்நாட்டு வட மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து குடியேறினர். பின்னர் சிவில் மிலிடரி ஸ்டேஷன் என்று வழங்கிய அப்பகுதியில் பேசுவோர் தொகையால் முதலிடம் தமிழுக்கே இருந்தது. 1881இல் மைசூர் அரசு மன்னர் கைக்கு மீண்டபோதும் அப்பகுதி ஆங்கிலேயரிடமே நின்றது. 1947இல்தான் மைசூரோடு சேர்ந்தது.

படை இருக்கும் இடத்தில் மருத்துவமனையும் இருக்கும். மருத்துவமனைக்கு மருத்துவரைக் காட்டிலும் மிகுதியாக ஆட்கள் வேண்டும். காயம்பட்டவனைச் சுமந்து வர டோலிக்காரர். புண்ணைக் கழுவிக் கட்ட டிரஸ்ஸர். நீர் சுமக்க, கஞ்சி காய்ச்ச, படுக்கை விரிக்க, மலம் அள்ள வெவ்வேறு பணியாளர். இவர்களைப் படையின் பின்செல்வோர் என்னும் தலைப்பில் கணக்கெழுதினர். 1888இல் படை மருத்துவமனைகளுக்கெனப் பயிற்சி பெற்ற ஆங்கிலச் செவிலியர் பத்துப்பேர் முதன்முதலாகக் கப்பலேறி இந்தியா வந்தனர். அவ்வளவு பெரிய படைக்குப் பத்துப்பேர்! அவர்கள் மேற்பார்வை செய்தனர். கை வேலை முன்போலவே இந்நாட்டுப் பணியாளரிடம் இருந்தது. 1920இல் இப்பணியாளரை ஒன்றுசேர்த்து இந்திய ஹாஸ்பிடல் கோர் என்னும் அமைப்பு உண்டாயிற்று. 1943இல் அது படை மருத்துவத் துறையோடு இணைந்தது. பின்செல்வோராக இருந்தவர் படைவீரர் வரிசையில் வைக்கப்பட அத்தனை காலம் ஆயிற்று.

பொதுமக்களுக்கென எழுந்தவற்றுள் நம்மவர்க்கு மிக நெருங்கியது இன்றைய சிவாஜிநகரில் உள்ள பவுரிங் ஆஸ்பத்திரி. மைசூர் கமிஷனராக இருந்த பவுரிங் 1866இல் அடிக்கல் நாட்டினார். 1868இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. பாரிஸ் நகரத்து லாரிபுவாசியே மருத்துவமனையின் அமைப்பைப் பின்பற்றி இது கட்டப்பெற்றது. அவ்வமைப்பைப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் போற்றி எழுதியிருக்கிறார். நீண்ட கூடம், இருமருங்கும் உயர்ந்த பலகணிகள், இரண்டு வரிசையாகக் கட்டில்கள், கூடத்திற்கும் கூடத்திற்கும் இடையே திறந்த வெளி. காற்று தூய்மையாக வந்து போகவேண்டும் என்பது ஒரு நோக்கம். மற்றொன்று, கூடத்தின் ஒரு முனையில் நிற்பவர் எல்லாக் கட்டில்களையும் ஒருங்கே காணவேண்டும் என்பது. அஃதாவது, கட்டடமே பணியாளரின் கண்ணையும் காலையும் கருதி வரையப்பட்டது. ஆனால் ஓர் இரவில் ஒருவரே எத்தனை கட்டில்களுக்கு நடப்பார் என்பது வரைபடத்தில் அடங்காத கணக்கு.

அந்நாளில் இவ்வேலைக்கு யார் வந்தனர்? பிறர் கழிவைத் தொடுவது இழிவென்று கருதிய சமூகத்தில், மேற்குலத்தார் எனப்பட்டோர் இப்பணிக்கு வாரார். தாழ்த்தப்பட்டோர், கிறித்துவ சமயம் தழுவிய ஏழைக் குடும்பத்தார், கணவனை இழந்து பிழைப்புத் தேடிய பெண்டிர் ஆகியோரே பெரும்பாலும் வந்தனர். பிணி கொண்ட உடலுக்குத் தொண்டு செய்தவரைத் தீண்டலாகாதவர் என்று ஒதுக்கிவைத்த முரண்பாட்டை நம் முன்னோர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. நோயுற்றபோது மட்டும் அத்தீண்டல் வேண்டியிருந்தது!

1898ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிளேக் பெங்களூரை வந்தடைந்தது. மக்கள் வீடுகளைத் துறந்து வெளியேறினர்; நகரின் நெருக்கத்தைக் குறைக்கப் பசவனகுடி, மல்லேசுவரம் முதலிய புதிய பகுதிகள் விரைவாக எழுந்தன. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அக்காலத்தை நினைவூட்டுகின்றன. உற்றாரே கிட்ட அஞ்சிய நோயாளியை வண்டியேற்றி, முகாமில் கிடத்தி, இறந்தபின் எடுத்துச் சென்றவர் நாம் பேசும் இப்பணியாளரே. நல்லாயன் சபைக் கன்னியர் 1886இல் தொடங்கிய செயின்ட் மார்த்தா மருத்துவமனை அதற்குள் நிலைபெற்றிருந்தது. 1897இல் மகாராணியார் கெம்பநஞ்சம்மணி அடிக்கல் நாட்டிய விக்டோரியா மருத்துவமனையை 1900 டிசம்பரில் கர்சன் பிரபு திறந்துவைத்தார். மகளிர்க்கும் மகவுகளுக்குமான வாணி விலாஸ் 1935இல் வந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப்பின் இதே விக்டோரியா 2020இல் கொரோனா நோய்க்கென்று ஒதுக்கப்பட்ட மருத்துவமனையாயிற்று. மீண்டும் உற்றார் வாயிலுக்கு வெளியே நின்றனர்; உடல் முழுதும் மூடிய உடையோடு, நீரருந்தவும் இயலாமல், அட்டெண்டர்கள் உள்ளே நின்றனர்.

பயிற்சி பெற்ற செவிலியர் ஏன் இவ்வேலை முழுவதையும் ஏற்கவில்லை என்று கேட்கலாம். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி ஏற்பட்டது. 1946இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. இவை பெருமைக்குரியவை. ஆயினும் 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கையைக் காண்க. நாடு முழுவதிலும் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர். 43,000 பேருக்கு ஒருவர் என்னும் கணக்கு. மருத்துவரோ 6,300 பேருக்கு ஒருவர். அதாவது, மருத்துவர் ஏறத்தாழ ஏழுபேர் இருந்த இடத்தில் செவிலி ஒருவரே இருந்தார். எஞ்சிய வேலையைச் செய்தவர் எவர் என்பதற்கு அறிக்கையில் எண் தேட வேண்டுவதில்லை. பெயரற்ற இப்பெரும்படையே அப்பள்ளத்தை நிரப்பியது.

இனி, பெங்களூருக்கே சிறப்பான ஒரு நிலையத்தைப் பற்றிப் பேசவேண்டும். மனநோயாளருக்கென ஒரு காப்பகம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இந்நகரில் இருந்தது. அக்காலக் காப்பகங்கள் சிறைக்கும் மருத்துவமனைக்கும் இடைப்பட்டவை. பணியாளரைக் காவலர் என்றே கருதினர். இங்கிலாந்திலும் நிலைமை அதுவே. அங்கு மனநோயாளரின் பணியாளருக்கென 1885இல் ஒரு கைந்நூல் எழுதப்பட்டது. 1891இல் தேர்வும் சான்றிதழும் ஏற்பட்டன. பூட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பவருக்கும் உடலமைப்பும் நோயின் இயல்பும் தெரியவேண்டும் என்னும் எண்ணம் அப்போதுதான் பிறந்தது.

பெங்களூர்க் காப்பகம் 1925இல் மனநல மருத்துவமனை என்னும் பெயரைப் பெற்றது. திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில், 1930களில், லக்கசந்திரக் குன்றின்மேல் புதிய கட்டடங்களுக்கு மாறியது. டாக்டர் எம். வி. கோவிந்தசாமி அவர்கள் அதனை வளர்த்தார். 1954இல் அங்கே அகில இந்திய மனநல நிலையம் உருவாகியபோது அவரே அதன் முதல் இயக்குநர். மனநோயாளரைப் பேணுதலில் செவிலியர்க்குத் தனிப் பயிற்சியும் அப்பத்தாண்டில் அங்கே தொடங்கியது. 1974இல் மருத்துவமனையும் நிலையமும் ஒன்றாகி, இன்று நிம்ஹான்ஸ் என்று உலகறிய விளங்குகின்றன.

இந்திய மனநல மருத்துவம் உலகுக்குக் காட்டிய ஒரு வழி இங்கே கருதற்பாலது. பணியாளர் பற்றாக்குறை மிகுந்திருந்த 1950களில் அமிர்தசரசில் டாக்டர் வித்யாசாகர் நோயாளரின் குடும்பத்தாரை வரவழைத்து, மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கச் செய்தார். வேலூரையடுத்த பாகாயத்தில் டாக்டர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் முயற்சியால் 1957இல் தொடங்கிய மனநல நிலையத்திலும் குடும்பத்தார் நோயாளியோடு தங்கினர். நிம்ஹான்சிலும் குடும்ப வார்டு அமைந்தது. தாயும் தமக்கையுமே உழைச்செல்வோர் ஆயினர். இதனைச் சிக்கனம் என்று சிலர் எண்ணக்கூடும். யாம் அவ்வாறு கருதவில்லை. பக்கத்திருப்பவர் நோயாளியை முன்பே அறிந்தவராக இருப்பது மருந்தின் ஒரு கூறு என்பதனை அம்மருத்துவர்கள் கண்டனர்.

அறிந்தவராக இருத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதனை மற்றெந்நோயைக் காட்டிலும் விளங்கக் காட்டுவது டிமென்ஷியா என்னும் மறதிநோய். அதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். அப்பெயர் வந்த வரலாற்றை இங்குச் சொல்வது நம் பொருளுக்குப் புறம்பாகாது. 1901 நவம்பரில் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர்க் காப்பகத்தில் அகுஸ்தே டெட்டர் என்னும் ஐம்பத்தோரு வயது மாது சேர்க்கப்பட்டார். டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் அவரை நாள்தோறும் வினவி, விடைகளைக் குறித்துவைத்தார். தன் பெயரை எழுதச் சொன்னால் முழுதும் எழுத அவரால் இயலவில்லை. 1903இல் மருத்துவர் அவ்வூரை விட்டு வேறிடம் சென்றுவிட்டார். நோயாளி அங்கேயே கிடந்து 1906 ஏப்ரலில் இறந்தார். மூளையை வரவழைத்து நுண்ணோக்காடியில் ஆராய்ந்து, அவ்வாண்டு நவம்பரில் அல்சைமர் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார். 1910இல் கிரெப்பெலின் என்னும் பேராசிரியர் நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவர். அகுஸ்தே டெட்டர் எதனால் இறந்தார் என்பதையும் பார்க்கவேண்டும். படுக்கைப்புண் அழுகி, நஞ்சு குருதியிற் கலந்து அவர் இறந்தார். மூளைநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. உயிரைக் கொண்டது முதுகுப்புண். நான்கரை ஆண்டுகள் அவருக்கு ஊட்டியவர், துணி மாற்றியவர், புரட்டிப் படுக்கவைத்தவர் யார் என்று எந்த நூலும் கூறவில்லை. அறிவியல் வரலாற்றின் புகழ்பெற்ற நோயாளி ஒருவரின் முடிவே நான்காம் உறுப்பின் கையில் இருந்தது என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது.

படுக்கைப்புண்ணைப் பற்றி மேலும் கூறவேண்டும். இத்தொழிலின் நுட்பம் அதில்தான் வெளிப்படுகிறது. எலும்பு துருத்திய இடங்களாகிய பிட்டத்தின் மேற்பகுதி, இடுப்பின் பக்கம், குதிகால் ஆகியவற்றில் உடலின் எடை அழுந்தும்போது குருதியோட்டம் தடைப்படும். ஆதலால் இரண்டு மணிக்கொருமுறை ஒருக்களித்தும் மல்லாத்தியும் மாற்றிப் படுக்கவைப்பது வழக்கம். இழுக்கலாகாது, இழுத்தால் தோல் உராய்ந்து கிழியும். அடியில் விரித்த துணியோடு இருவர் சேர்ந்து தூக்கி நகர்த்தவேண்டும். தோல் சிவந்து, விரலால் அழுத்தியபின்னும் அச்சிவப்பு மாறாதிருப்பது முதல் அடையாளம் என்று மேல்நாட்டு நூல்கள் கூறும். நம்மவரின் கருந்தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தேர்ந்த ஆயா புறங்கையால் தடவி, அவ்விடம் சுற்றிலும் உள்ளதைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருப்பதை உணர்ந்துகொள்வாள்.

உணவூட்டுவதும் அத்தகையதே. மறதிநோய் முற்றியவர் மெல்ல மறப்பர். பின்னர் விழுங்கவும் மறப்பர். படுத்தவாறே ஊட்டினால் உணவு மூச்சுக்குழலிற் சென்று நுரையீரலில் காய்ச்சலை உண்டாக்கும். நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றே தாழ, சிறு கரண்டியால் கொடுத்து, தொண்டை அசைந்து இறங்கியதைக் கண்டபின்பே அடுத்த வாய் தரவேண்டும். நீர் விரைந்து ஓடுவதால் புரையேறும். சற்றுக் கெட்டியான ராகிக் கஞ்சி பாதுகாப்பாக இறங்கும். ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். ஊட்டுபவர் அவசரப்பட்டால் கிண்ணம் விரைவில் காலியாகும். நோயாளி காய்ச்சலில் விழுவார்.

இவையெல்லாம் உடலைப் பற்றியவை. மனத்தைப் பற்றிய வேலை இதனினும் கடிது. பொழுது சாயும் வேளையில் நோயாளியின் உள்ளம் கலங்கும். சொந்த வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்குப் போகவேண்டும் என்று வாயிலை நோக்கி நடப்பார். எண்பது வயது மூதாட்டி ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த தம் தாயைக் கூவி அழைப்பார். தாய் இறந்துவிட்டாள் என்று உண்மையைச் சொல்பவர், இழவுச் செய்தியை அன்றுதான் முதன்முறையாக அவருக்கு அறிவிப்பவர் ஆகிறார். மறுநாளும் சொன்னால் மறுநாளும் அதே துயரம். பழகிய பணியாளர் மறுத்துப் பேசுவதில்லை. அம்மா என்ன சமைப்பாள் என்று கேட்டுப் பேச்சை வேறு வழியில் திருப்புவார். இது பொய்யா, பரிவா என்று தருக்கிகள் வாதிடட்டும்.

மற்றொரு துன்பமும் உண்டு. வைத்த இடம் மறந்த நோயாளி, பொருளைத் திருடிவிட்டதாகப் பக்கத்திருப்பவர்மேல் பழி சொல்வது இந்நோயின் அறியப்பட்ட குறிகளுள் ஒன்று. மகள்மீது சொன்னால் வீட்டில் வருத்தத்தோடு முடியும். கூலிக்கு வந்த பெண்மீது சொன்னால் காவல் நிலையம் வரையும் போகலாம். வளையல் இரண்டு நாள் கழித்து அரிசிப் பானையிலிருந்து எடுக்கப்படும். அதற்குள் அப்பெண் வேலையையும் நற்பெயரையும் இழந்திருப்பாள். பணியாளரை அமர்த்தும் குடும்பத்தார் முதல்நாளே இதனை அறிந்திருப்பது நலம்.

நம் நாட்டில் மறதிநோயாளருக்கென ஒரு சங்கம் 1992இல் கேரளத்தில் தோன்றி, பல நகரங்களில் கிளை விட்டது. பெங்களூரில் 1998இல் தொடங்கிய நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறநிலையம் 2010இல் கஸ்தூரி நகரில் மறதிநோயாளருக்கெனத் தனி நிலையம் ஒன்றை நிறுவியது. அவ்வாறான இல்லங்கள் பின்னர்ப் பல எழுந்துள்ளன. தேவையும் பெரிது. 2023இல் வெளியான ஆய்வொன்று இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அஃதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோய் உடையவர் என மதிப்பிடுகிறது. மகனும் மகளும் கடல் கடந்து வாழ, பெற்றோர் இருவரும் தனித்திருக்கும் வீடுகள் மிகுந்த நகரம் நம்முடையது. அவ்வீடுகளுக்கு ஆள் அனுப்பும் நிலையங்கள் தெருவுக்குத் தெரு உள்ளன. பன்னிரண்டு மணி நேரப் பணியும், இரவு பகல் தங்கும் பணியும் உண்டு. குடும்பம் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கை நிலையம் எடுத்துக்கொண்டு மிச்சத்தையே பணியாளருக்குத் தருகிறது.

சட்டத்தில் இவர்கள் நிலை இன்னும் தெளிவு பெறவில்லை. 1947ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டமும், அதன் இடத்தில் 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் பயின்று பதிவு பெற்ற செவிலியரையும் மருத்துவச்சியரையும் மனத்திற்கொண்டு எழுந்தவை. ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்னும் பெயரில் சில திங்கள் பயிற்சியும் சான்றிதழும் தரும் திட்டம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பரவியுள்ளது. நன்முயற்சிதான், ஆயினும் சான்றிதழ் இல்லாமலே வேலைக்கு வருவோர் பலர். வெள்ளுடை அணிந்த எவரையும் நர்சு என்று அழைத்துவிடும் நம் பழக்கமும், ஊசி போடவும் குழாய் செருகவும் அவர்களை ஏவும் பழக்கமும் இருதரப்பாருக்கும் கேடு.

முற்காலத்தில் இவ்வேலைக்கு வந்த தண்டுப் பகுதித் தமிழரின் பெயரர்கள் இன்று வேறு தொழில்களில் இருக்கின்றனர்; அது மகிழத்தக்கது. அவர்கள் இடத்திற்கு ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மணிப்பூர் ஆகிய இடங்களிலிருந்து இளைஞரும் இளம்பெண்களும் வருகின்றனர். நம் பாட்டனார் வந்ததுபோலவே பிழைப்புத் தேடி, மொழி தெரியாமல், மூட்டையோடு வருகின்றனர். இங்கேதான் நம் குடும்பங்களுக்கு ஒரு சிக்கல் எழுகிறது.

மறதிநோய் பின்னர்க் கற்றதை முன்னர் அழிக்கும். ஐம்பது ஆண்டுகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அலுவல் பார்த்த பெரியவர், அவ்விரண்டையும் இழந்து, ஆம்பூரிலோ ஆரணியிலோ சிறுவயதில் பேசிய தமிழுக்குத் திரும்புவதுண்டு. அப்போது அவர் கேட்பது தண்ணீரா, போர்வையா, கழிப்பறையா என்று பக்கத்திருப்பவருக்குப் புரியவில்லையெனில், அச்சம் சினமாக மாறும். சினத்தைக் கண்டவர் நோய் முற்றியது என்று தூக்க மாத்திரை கேட்பர். தமிழை மறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளும் அந்நேரத்தில் அந்நியரே. இம்முறை நமக்கு மட்டும் உரியதன்று. கன்னடப் பெரியவர் ஒருவர் தமிழ் ஆயாவிடம் இருக்கும்போதும் இதுவே நேரும். ஆயினும் அங்கே மொழிகளின் உறவு சிறிது கைகொடுக்கும். நமக்கு மறதி, அவர்க்கு மரெவு. நோவு என்பது இரு மொழியிலும் நோவே. ஒடியாவும் மணிப்புரியும் பேசுவோருக்கு அவ்வுதவியும் இல்லை.

பன்மொழி அறிவால் நன்மையும் உண்டு என்பதனைச் சொல்லாமல் விடுதல் கூடாது. ஐதராபாத்தில் 648 நோயாளரை ஆராய்ந்து, டாக்டர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். இரு மொழியோ பல மொழியோ பேசுவோருக்கு மறதிநோய், ஒரு மொழி மட்டும் பேசுவோரைக் காட்டிலும் சராசரி நான்கரை ஆண்டுகள் பிந்தித் தொடங்கியதை அவர்கள் கண்டனர். எழுத்தறியாதவரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டது. டாக்டர் அல்லாடி பின்னர் நம் நிம்ஹான்சுக்கு வந்து ஆய்வைத் தொடர்ந்தார். வீட்டில் தமிழ், வீதியில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று வாழும் இந்நகரத் தமிழர்க்கு இது நற்செய்தி.

பணியாளரின் மொழியை நாம் மாற்ற இயலாது. அவருக்கு நோயாளியை அறிமுகம் செய்துவைக்க இயலும். இங்கிலாந்துப் பேராசிரியர் டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட நூலில், நோயை முன்னிறுத்தாமல் அம்மனிதரை முன்னிறுத்திப் பேணும் முறையை விளக்கினார். அவ்வழியில் நடக்கும் இல்லங்களில், நோயாளி சேரும்போது குடும்பத்தாரிடம் ஒரு வாழ்க்கைக் குறிப்பு கேட்டு வாங்குவர். எந்த ஊர், என்ன தொழில், குளிப்பது காலையா மாலையா, காப்பியா மோரா, எந்தப் பாட்டுக்குத் தலையசைப்பார், எதற்கு அஞ்சுவார் என்பன அதில் இருக்கும். தமிழ் முதியோரைப் பணியாளரிடம் ஒப்படைப்போர் இக்குறிப்போடு, தண்ணீர், பசி, குளிர், வலி, போதும் என்பன போன்ற இருபது தமிழ்ச் சொற்களையும் அப்பணியாளர் படிக்கத்தக்க எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவைக்க ஒரு தாள் போதும். பெயருக்கு நேரே பதிவேட்டில் உள்ள பெயரை எழுதுதல் பயன்படாது; வீட்டார் அவரை எப்படி அழைப்பார்களோ, அதனை எழுதவேண்டும்.